ஊற்றுக்கு மேலே ஒரு மரம்

தரா தூவா தன் தொப்புள் மரத்தை வெட்டிய கதையைக் கேட்காத காது தீக்லோ ஊரில் கிடையாது. போதகரைத் தரா என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவது. சபையின் ஆண்டுவிழா வந்தால் போதும், தராவே எழுந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார். முப்பத்து நான்கு வருஷமாகச் சொல்கிறார். சியாங்மாய் நகரத்தில் வேதபாடசாலை முடித்து வெள்ளைச் சட்டையோடு திரும்பிய இருபத்து நான்கு வயதுப் போதகர். புதிதாக ஞானஸ்நானம் வாங்கிய ஏழு குடும்பங்கள். அந்தக் குடும்பங்களுக்கு மரத்தை வெட்டப் பயம். "நீங்க முதல்ல வெட்டுங்க தரா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நாங்களும் வெட்டறோம்" என்றார்கள். அவர் கோடரியை ஓங்கினார். இந்த இடத்துக்கு வந்ததும் பிரசங்க மேடையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். "இதுதான் அந்த மரம். நான் செத்தா போயிட்டேன்?" என்பார். சபை சிரிக்கும். பிறகு பாட்டு.

நல்ல கதைதான். அதில் ஏழு குடும்பம் உண்மை, கோடரி உண்மை, வெள்ளைச் சட்டைகூட உண்மை. மரம் மட்டும் அவருடையது இல்லை.

எங்கள் கரேன் மலைச்சனங்களின் வீடுகளில் குழந்தையின் தொப்புள்கொடி விழுந்ததும் அப்பன் அதை ஒரு மூங்கில் குழாயில் போட்டு அடைத்து, காட்டில் நல்ல மரமாகப் பார்த்துக் கட்டிவிட்டு வருவான். அன்றைக்கு யாரும் வயலுக்குப் போவதில்லை. அன்றிலிருந்து அந்த மரமும் அந்தப் பிள்ளையும் ஒரே உயிர். எவனாவது அதில் கோடரி வைத்தால் கோழி அபராதம், பிள்ளையின் மணிக்கட்டில் நூல் கட்டி உயிரைத் திரும்ப அழைக்க வேண்டும். ஊருக்கு மேற்கே இப்படி மரம் மரமாகக் கட்டியே ஒரு காடு நின்றது. தொப்புள் காடு என்றால் அதுதான்.

தூவா பிறந்தது அறுப்புக் காலத்தில். மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் வயல் குடிசையில் அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. அறுப்பு முடிந்து ஊருக்கு வரும்வரை காத்திருக்க முடியாமல் அப்பன் அங்கேயே, ஊற்றுக்கு மேலே நின்ற ஒரு காட்டு மாமரத்தில் குழாயைக் கட்டினான். ஆகவே மற்ற எல்லோருடைய மரமும் தொப்புள் காட்டில் இருக்க, இவருடையது மட்டும் தனியாக முகட்டைத் தாண்டி நின்றது. ஊரில் அதிகம் பேருக்கு இது தெரியாது.

வெட்டுவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் அவர் தனியாக அங்கே போனார். உண்மையாகவே வெட்டத்தான் போனார். ஒரே ஒரு வெட்டு. பட்டை பிளந்து பால் வடிந்தது. அவ்வளவுதான், தொப்புளுக்குள் யாரோ விரலை விட்டு முறுக்குவது போல வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கோடரி கையை விட்டு விழுந்தது. விக்கிரக ஆராதனையைக் கண்டிக்கும் பாடத்தில் வேதபாடசாலையிலேயே முதல் மதிப்பெண் வாங்கியவர், மரத்தடியில் உட்கார்ந்து வடிந்த பாலைச் சட்டை நுனியால் துடைத்து, மன்னிப்புக் கேட்டார். ஆண்டவரிடம் அல்ல. மரத்திடம்.

மறுநாள் ஏழு குடும்பமும் பார்க்க, தொப்புள் காட்டில் யாருடையதும் அல்லாத ஒரு மரத்தைக் காட்டி "இதுதான் என்னோடது" என்று சொல்லி வெட்டிச் சாய்த்தார். யார் சந்தேகப்படுவார்கள், போதகர் பொய் சொல்வார் என்று? அந்த வாரமே ஏழு குடும்பமும் சேர்ந்து நாற்பத்திரண்டு மரங்களை வெட்டின. பெரியவர்களுடையது, பிள்ளைகளுடையது, தொட்டிலில் கிடந்ததுகளுடையதும் சேர்த்து. அந்த மரத்தில்தான் ஆலயம் எழும்பியது. தூண், சுவர், பெஞ்சு எல்லாம் அதுவே.

இத்தனை வருஷம் இந்தப் பொய் அவர் வயிற்றில் சத்தம் போடாமல் கிடந்தது. இந்தப் பங்குனி வெயிலில்தான் அதற்கு உயிர் வந்தது.

பூங்கா அதிகாரிகள் வந்து ஊர்க் கூட்டம் போட்டார்கள். மலையைச் சுற்றித் தேசியப் பூங்கா வரப்போகிறதாம். கோடு போட வேண்டும். பேசிப் பேசித் தொண்டை வறண்ட பிறகு அதிகாரி ஒரு வழிக்கு வந்தார். உயிரோடிருக்கும் ஆளுடைய தொப்புள் மரம் எதுவரை நிற்கிறதோ அதுவரை ஊர்க்காடு. அதற்கு அந்தப் பக்கம் பூங்கா. வியாழக்கிழமை அளக்க வருவோம், அவரவர் மரத்தடியில் அவரவர் நிற்க வேண்டும், ஒரு சாட்சியும் வேண்டும் என்றார்.

பழைய வழியில் இருக்கும் வீடுகளுக்கு முப்பத்தொரு மரம் இருந்தது. எல்லாம் முகட்டுக்கு இந்தப் பக்கம். சபைக் குடும்பங்களுக்கு ஒன்றும் கிடையாது. ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்று முகட்டுக்கு அந்தப் பக்கம். கோடு முகட்டில் நின்றால் ஊற்று பூங்காவுக்குள் போய்விடும். கீழே இருக்கும் ஊரில் இப்படித்தான் ஆனது. ஊற்றிலிருந்து வரும் குழாய் உடைந்தபோது சரிபண்ணப் போன இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டார்கள். இப்போது அங்கே லாரியில் தண்ணீர் வருகிறது, அதுவும் வந்தால் உண்டு.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் வாசலிலேயே நின்றார்கள். யாரும் தராவைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"நாப்பத்திரண்டு மரம்" என்றான் லேஸே, பெஞ்சு செய்த தச்சன். "இருந்திருந்தா இன்னிக்குக் கோடு எங்கேயோ போயிருக்கும்."

"எதுவும் போயிருக்காது. எல்லாம் இந்தப் பக்கம்தான இருந்துச்சு" என்றாள் அவன் மனைவி மூபோ. "வெட்டினது வெட்டினதுதான். அன்னிக்குத் தெரிஞ்சுதானே வெட்டினோம். தராவே தன்னோடதை வெட்டலையா? அவருக்கு மட்டும் இன்னிக்கு மரம் இருக்கா என்ன?"

சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்காகப் பரிந்து பேசிய சிரிப்பு. தூவா வேதாகமத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாருக்கோ ஜெபிக்கப் போக வேண்டும் என்று சொல்லி அங்கிருந்து நழுவினார். யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை.

மறுநாள் மத்தியானம் கேடோ வந்தார். கேடோ பழைய வழிக்காரர்களின் பூசைத் தலைவர். தூவாவுக்குப் பெரியப்பா மகன், ஒரு வயது மூத்தவர். ஊரே தரா என்று கூப்பிட, இவர் மட்டும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஏணியில் ஏறி வந்து, மூங்கில் தரையில் சப்பணமிட்டு, சுங்கானைப் பற்ற வைத்தார். தூவா தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"உன் வீட்டுக்கு வந்தா இந்த வெந்நிதான்" என்றார் கேடோ. "என்ன தூவா, மேடையைத் தட்டித் தட்டிக் கை காய்ச்சுப் போயிருக்குமே?"

"ஏதோ சொல்ல வந்தீங்க, சொல்லுங்கண்ணே."

"ஊத்து போயிடும்."

"தெரியும்ண்ணே. ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கோம்."

"நல்லாப் பண்ணு. அப்படியே கொஞ்சம் நடந்தும் போ. ஊத்துக்கு மேல ஒரு காட்டு மா நிக்குது. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

தூவாவின் கையிலிருந்த தேநீர் சிந்திக் காலில் கொட்டியது. சூடு தெரியவில்லை.  குனிந்து அதைத் துடைத்தபடியே கேட்டார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"எங்கப்பா சாகறப்ப ஊர்ல யாருக்கு எந்த மரம்னு ஒண்ணு ஒண்ணாச் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு. உன்னோடதையும் சொன்னாரு. நீ ஊரைக் கூட்டி வெட்டி ரெண்டு வருஷம் இருக்கும் அப்ப. என்னடா இதுன்னு போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு வெட்டு. அதுவும் ஆறிப் போயிருந்துச்சு."

"அப்பவே ஏண்ணே சொல்லல? ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ ஓடிப் போய் அதையும் வெட்டியிருப்ப." கேடோ புகையை விட்டார். "நாப்பத்திரண்டு போச்சு. ஒண்ணாவது நிக்கட்டும்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

இதற்குப் பிறகு தூவா கேட்டது ஒரு போதகர் கேட்கக் கூடாதது. கேட்டபிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் கேட்டுவிட்டார்.

"உங்க பக்கத்து ஆள் யாரையாவது அது என் மரம்னு நிக்க வெச்சா என்னண்ணே? அதிகாரிக்கு எப்படித் தெரியும்?"

கேடோ சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். "ஒரு தொப்புளுக்கு ஒரு மரம். இன்னொருத்தன் மரத்துக்கிட்ட போய் என்னோடதுன்னு நின்னா அவன் உயிர் எங்கடா போய் நிக்கும்? என் ஆள் ஒருத்தனும் வர மாட்டான். பொய்யெல்லாம் நீயே பாத்துக்க. உனக்குத்தான் பழக்கம்."

ஏணியில் பாதி இறங்கியவர் திரும்பினார். "நான் எதுவும் சொல்ல மாட்டேன் தூவா. வியாழக்கிழமையும் சொல்ல மாட்டேன். நீ நின்னா நில்லு."

ஊரார் முன்னால் தலைகுனிவது பற்றி மட்டும் என்றால் தூவா எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பார். வயது ஐம்பத்தெட்டு. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது, அவள்கூட இது தெரியாமலே போய்விட்டாள். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. வேண்டுமானால் ஊரைவிட்டே போய்விடலாம். அவரைத் தூங்கவிடாமல் செய்தது மூபோ.

மூபோவின் மகள் வாபோவுக்கு அப்போது எட்டு மாதம். பொய் மரம் விழுந்த மூன்றாம் நாள் லேஸே மகளுடைய மரத்தை வெட்டினான். இளமரம், நாலே வெட்டு. மூபோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிள்ளையின் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டாள். தூவா அதைக் கண்டு, "பயப்படாதே மூபோ, என்னைப் பாரு" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். கையை எடுத்தாள்.

ஐந்து மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மழைக்காலம், பாதை சரிந்து கிடந்தது. மூங்கில் கழியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தார்ச்சாலை வருவதற்குள் முடிந்துவிட்டது. கொசுக் காய்ச்சல், அந்த வருஷம் பல ஊரில் பல பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காய்ச்சல். மரமிருந்த வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். தூவாவுக்கு அது தெரியும், பிள்ளை மரத்தால்தான் போனாள் என்று அவர் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் குழி மூடிய அன்று மூபோ கேட்டாள்.

"மரத்தாலயா தரா?"

அவர் என்ன சொல்லியிருக்கலாம்? தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளோடு சேர்ந்து அழுதிருக்கலாம். அவர் சொன்னது இது: "மரத்தால இல்ல மூபோ. அப்படின்னா முதல்ல நான்தானே போயிருக்கணும்? என்னோடதைத்தானே முதல்ல வெட்டினேன்? உன் கண்ணு முன்னாடி கல்லு மாதிரி நிக்கறேனே."

அவள் நம்பினாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். அதற்கப்புறம் இரண்டு பையன்கள் பிறந்தார்கள், அவர்களுக்குக் குழாயும் கட்டவில்லை, மரமும் தேடவில்லை. முப்பத்து நாலு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ஆலயத்தைப் பெருக்குகிறவள் அவள்தான். பிரசங்க மேடைக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிறவளும் அவள்தான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இந்த வருஷம் சபைத் தலைமையிலிருந்து வந்த நாட்காட்டியில் படம் என்ன தெரியுமா? தொப்புள் மரம். மூங்கில் குழாய் தொங்குகிறது, கீழே "கர்த்தரின் படைப்பைப் பேணுவோம்" என்று கொட்டை எழுத்தில். நகரத்தில் படித்த புதிய போதகர்கள் முன்னோருடைய காட்டறிவு ஆண்டவர் கொடுத்த கொடை என்று புத்தகம் போடுகிறார்கள். நாட்காட்டியை ஆணியில் மாட்டிய அன்று மூபோ அதன் எதிரே வெகுநேரம் நின்றாள்.

"தரா, இப்ப இது பாவம் இல்லையா?"

"காலம் மாறுது மூபோ" என்றார் அவர். அவள் "ஓ" என்றாள். அந்த "ஓ" இன்னும் அவர் காதில் இருந்தது.

புதன்கிழமை சாயந்தரம் அவர் ஆலயத்துக்குப் போனார். அவளிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், ஊர் முன்னால் அவள் கேட்கக் கூடாது, அந்த மட்டுக்காவது மனுஷனாக இருக்க வேண்டும் என்று தீர்மானம். மறுநாள் அதிகாரிகள் வருவதால் மூபோ அன்றைக்கே வந்து பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தரா. கால்ல என்ன, சுட்டுக்கிட்டீங்களா?"

"தேத்தண்ணி கொட்டிடுச்சு. மூபோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள். பிரசங்கம் கேட்பதற்கு உட்கார்வது போலவே உட்கார்ந்தாள். முகத்தில் அத்தனை நம்பிக்கை. ஒரு மனுஷனை இப்படி நம்பக் கூடாது என்று அவருக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

"நாளைக்கு... வர்றவங்களுக்குச் சாப்பாடு என்ன?"

"சாப்பாடா? அரிசிக் கஞ்சியில கோழி போட்டு, மூங்கில் குருத்து. வேற என்ன இருக்கு நம்மகிட்ட?" அவள் வியப்பாகப் பார்த்தாள். "இதையா சொல்ல வந்தீங்க?"

"காரம் கம்மியாப் போடு. நகரத்து வயிறு."

"சரி தரா."

வெளியே வந்து ஆலயத்தின் பின்பக்கம் நின்று நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டார். உள்ளே மூபோ பாடிக்கொண்டே பெருக்குவது பலகை வழியாகக் கேட்டது. முட்டியது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். பாட்டு ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது. ச்சீ, இவ்வளவு கோழையா நான் என்று வாய்விட்டே சொன்னார்.

வியாழக்கிழமை காலை புகை மூட்டம். எந்த மலை எரிந்தாலும் எங்கள் தலையில்தான் பழி, அதனால் அதிகாரி வரும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தேகக் கண்ணோடு வந்தார். ஆனாலும் வேலையில் நேர்மையான ஆள். தொப்புள் காட்டில் ஒவ்வொரு மரமாக நின்று பெயர் கேட்டார், சாட்சி கேட்டார், நாடாவைச் சுற்றி அளந்து எழுதினார். மரத்தடியில் நிற்பவர்கள் பண்டிகை உடுப்பில் இருந்தார்கள். சபைக் குடும்பங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தன. அடிக்கட்டைகள் நின்ற பக்கம் யாரும் போகவில்லை. தூவா கூட்டத்தின் கடைசியில் வந்தார்.

முப்பத்தொன்றாவது மரம் முகட்டை ஒட்டி நின்றது. அதை எழுதி முடித்ததும் அதிகாரி வரைபடத்தை விரித்துப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"அவ்வளவுதானே? அப்ப முகடு வரைக்கும் உங்களோடது. அந்தப் பக்கம் எங்களோடது."

"ஊத்து அந்தப் பக்கம் இருக்கே சார்" என்றான் லேஸே.

"மரம் இருந்தாச் சொல்லுங்க. பேசினபடிதான் செய்ய முடியும்."

 கேடோ சுங்கானைத் தட்டிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. அதிகாரி வரைபடத்தை மடித்தார். ஒரு மடிப்பு. இரண்டு மடிப்பு.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் தூவா.

எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேறெதுவும் சொல்லாமல் முகட்டைத் தாண்டி நடந்தார். பின்னால் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு வந்தது. யார் மரம், யாருக்குச் சொல்லாமல் யார் கட்டினார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஊற்றைக் கடந்து மேலே ஏறி, அந்தக் காட்டு மாமரத்தடியில் போய் நின்றார். முப்பத்து நாலு வருஷமாக இந்தப் பக்கமே வராதவர். மரம் பூத்திருந்தது.

"யார் மரம்?" என்றார் அதிகாரி.

"என்னோடது."

சிலர் சிரித்தார்கள். தரா விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"அப்ப மேடை?" என்றான் லேஸே.

"அன்னிக்கு நான் வெட்டினது என் மரம் இல்ல."

"யாருதுய்யா அது?"

"யாரோடதும் இல்ல. சும்மா ஒரு மரம்." அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. பிரசங்கக் குரலாகவே வந்தது, அதைத் தாழ்த்தினார். "இதை வெட்டத்தான் வந்தேன். பயமாயிடுச்சு. உங்க எல்லாரையும் வெட்டச் சொல்லிட்டு என்னோடதை ஒளிச்சு வெச்சேன். வருஷா வருஷம் பொய் சொன்னேன். என்ன வேணாச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

 சபை மூப்பர் ஒருவர் காறித் துப்பிவிட்டுத் திரும்பி இறங்கினார். அவர் பின்னாலேயே நாலு பேர் போனார்கள். லேஸே தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான், மகளுடைய மரத்தை வெட்டிய கை. தூவாவால் அதைப் பார்க்க முடியவில்லை. மூபோ இருந்த பக்கம் கண்ணைத் திருப்பவே தைரியம் இல்லை.

அதிகாரிக்கு இதெல்லாம் பாதிதான் புரிந்தது. அவருக்குப் படிவம் நிரப்ப வேண்டும்.

"பேரு? வயசு? மதம்?"

"கிறிஸ்தவம்."

பேனா நின்றது. "கிறிஸ்தவருக்கு ஏது தொப்புள் மரம்? ஊத்து வேணும்கறதுக்காக ஏதாவது ஒரு மரத்தைக் காட்டறீங்களா?"

"நான் சாட்சி சொல்றேன். எங்கப்பா காட்டின மரம்" என்றார் கேடோ.

"நீங்க பூசைக்காரர், உங்களுக்கும் ஊத்து வேணும். இவரோட சபையில இருந்து ஒருத்தர் சொல்லட்டும். எழுதிக்கறேன்."

 தூவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரைப் பார்த்து, எனக்காகச் சாட்சி சொல்லுங்கள் என்று கேட்பார்? கேட்கத் தகுதி என்ன இருக்கிறது? சருகு நொறுங்கும் சத்தம் கிட்டே வந்து நின்றது. எண்ணெய்க் கறை படிந்த கைலி ஓரம் கண்ணில் பட்டது.

"இவரோடதுதான் சார்" என்றாள் மூபோ.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? இவ்வளவு நாள் யாருக்குமே தெரியலைங்கறாங்களே."

"மூஞ்சியைப் பாருங்க. தன்னோடது இல்லாததுக்கு யாரும் இப்படி வெட்கப்பட மாட்டாங்க."

அதிகாரி பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். "சரி, அளந்திடலாம்" என்று நாடாவை நீட்டினார். மூபோ அதை வாங்கி, ஒரு முனையைத் தூவாவின் கையில் கொடுத்தாள். அவர் அதை மரத்தில் வைத்து அழுத்திப் பிடித்தார். அவள் நாடாவோடு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறு முனையை அவர் விரல் மேல் வைத்தாள்.

"நூத்தித் தொண்ணூத்தாறு சென்டி" என்று படித்தார் அதிகாரி. கோடு அழிந்து, ஊற்றுக்கு மேலாகப் புதிதாக விழுந்தது. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

மூபோ நாடாவை விடவில்லை. அண்ணாந்து மரத்தின் உச்சியைப் பார்த்தாள், பிறகு அடியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"வாபோ மரம் அப்பவே என் தொடை தண்டிக்கு இருந்துச்சு தரா" என்றாள். "இந்நேரம் இவ்ளோ வந்திருக்குமில்ல?"

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். குழி மூடிய அன்றும் இப்படித்தான் காத்திருந்தாள். 

"வந்திருக்கும் மூபோ" என்றார்.

அவள் தலையாட்டினாள். நாடாவைச் சுருட்டி அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, கஞ்சி அடிப்பிடிக்கும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு இறங்கிப் போனாள்.